குற்றக் கூண்டில் அவள் மட்டும் ஏன்?

மணமாகி மூன்றாண்டு கழிந்தும் மடியில் மழலை இல்லையெனில், தம்பலகாமத்திலாயினும் மூதூரிலாயினும், கற்றோர் வாழும் திருகோணமலைப் பட்டின வீதியிலாயினும் நடப்பது ஒன்றே. பெண் குற்றக் கூண்டில் ஏற்றப்படுகிறாள். மாமியார் வழக்குத் தொடுக்கிறார். அயலவர் சாட்சி சொல்கின்றனர். ‘மலடி’ என்று தீர்ப்பும் எழுதப்படுகிறது. கோயில் கோயிலாக நேர்த்தி வைப்பவளும் அவளே. கிளினிக் வாசலில் காத்துக் கிடப்பவளும் அவளே. கணவனோ, பிரதிவாதியாக வேண்டாம், சாட்சியாகக்கூட அழைக்கப்படுவதில்லை!

மருத்துவம் கூறுவது யாது? பிள்ளைப்பேறின்றி வருந்தும் தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடத்து ஆணின் குறையும் ஒரு காரணமாய் நிற்கிறது. அக்குறைகளுள் சத்திரசிகிச்சையால் சீர்செய்யத்தக்கவற்றில் முதன்மையானது ‘வெரிக்கோசீல்’. விரையிலிருந்து குருதியை மேலே கொண்டுசெல்லும் நாளங்கள் புடைத்துச் சுருண்டு தடிப்பதே இது. பெரும்பாலும் இடப்பக்கத்தில் வரும். அப்பக்கத்து நாளம் நீண்டு சென்று சிறுநீரக நாளத்தோடு செங்கோணத்தில் சேர்வதே காரணம். தேங்கிய குருதியின் வெப்பம் விந்தணு விளைச்சலைக் கெடுக்கிறது என்பர். ஆண்களில் 100க்கு 15 பேரளவில் இது உண்டு; பிள்ளையில்லாக் குறையோடு வரும் ஆண்களிலோ 35 முதல் 40 பேர். நிற்கவைத்துக் கையால் தொட்டே வைத்தியர் அறியக்கூடிய நோய்! பூக்கும் பருவத்தில் வெக்கை மிஞ்சினால் நெல் பதராகும் என்பதை அறிந்த உழவனுக்கு இதனை விரித்துரைக்கவும் வேண்டுமோ?

சிகிச்சையும் மலையைப் பெயர்க்கும் வேலையன்று. கவட்டோரம் ஒரு சிறு வெட்டு. நுண்ணோக்கியின் துணையால் நாடியையும் நிணநீர்க் குழாய்களையும் காத்து, புடைத்த நாளங்களை மட்டும் கட்டிவிடுவர். அன்றோ மறுநாளோ வீடு திரும்பலாம். விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆதலின், 3 மாதங் கழித்தே பயனை அளக்கலாம். எல்லோருக்கும் பலிக்கும் மந்திரம் என நாம் கூறவில்லை. புடைப்புக் கைக்குத் தென்பட வேண்டும். விந்தணுவிலும் குறை காணவேண்டும். மனைவியின் வயதையும் எண்ண வேண்டும். ஸ்கானில் மட்டுமே தெரியும் சிறு புடைப்புக்குக் கத்தி எடுப்பது வீண்.

ஆனால் கணவனைத் தொட்டும் பாராமல், நேரே சோதனைக்குழாய் முறைக்கு வழிகாட்டுவோர் உளர். ஒற்றை விந்தணுவை முட்டைக்குள் செலுத்தும் முறை 1992இல் பிரசல்ஸ் நகரிலிருந்து உலகுக்கு அறிவிக்கப்பட்டது. விந்துப் பாதை அடைபட்டோர்க்கு அது பெருங்கொடை. விரையிலிருந்து சத்திரசிகிச்சையால் எடுத்த அணுவே போதும். அதனை நாம் பழிக்கவில்லை. ஆணின் நாளத்தைக் கட்டினால் தீரக்கூடிய குறைக்கு, நோயற்ற பெண்ணுடலில் நாள்தோறும் ஊசி ஏற்றுவதும், அதற்காக வயற்காணியை ஈடு வைப்பதும் எந்த ஊர் நீதி?

சனத்தொகை பெருகிய நாட்டில் இது தேவையா என முகஞ்சுளிக்கும் அதிகாரிகளுக்கும் ஒரு சொல். கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டோருக்கு இந்நாட்டு அரசு 1980இல் பணம் கொடுக்கத் தொடங்கியது. விந்துக் குழாயை அறுப்பதற்குக் கைதிறந்த திறைசேரி, நாளத்தைக் கட்டுவதற்குக் கைவிரிக்க நா எழுமோ?

நாம் கேட்பது சலுகையன்று. பிள்ளையில்லையென வரும் தம்பதியர் முதல் நாளிலேயே இருவராகப் பரிசோதிக்கப்படவேண்டும். சுக்கிலப் பரிசோதனையும், நிபுணரின் நேர்ப் பரிசோதனையும், நுண்ணோக்கிச் சத்திரசிகிச்சையும் கொழும்புக்குப் பஸ் ஏறாமல், இம்மாவட்ட அரசாங்க வைத்தியசாலையிலேயே, நோயாளிக்குத் தெரிந்த தமிழில் விளக்கப்பட்டுக் கிடைக்கவேண்டும். ஆசிரியரே, எழுதுவினைஞரே, வழக்கறிஞரே! சிறு போத்தலொன்றை ஆய்வுகூடத்தில் கொடுக்க நாணி, மனைவியை மட்டும் ஸ்கானுக்கு அனுப்பும் கூட்டத்தில் நீரும் உள்ளீரோ? அடுத்த கிளினிக் நாளில் அவளுடன் நீரும் புறப்படும்.