டிரங்க் அண்ட் டிரைவ்: அபராதத்தை ஏற்றினால் போதுமா? ஜப்பானின் ஒரு நகரம் சொல்லும் பதில்

ராத்திரி 10 மணிக்கு மேல சென்னையில் பைக் ஓட்டுபவர்களுக்கு இது பழகிய காட்சி. மேம்பாலத்தின் இறக்கத்தில் தடுப்பு, டார்ச் வெளிச்சம், "ஊதுங்க சார்" என்று நீளும் ஒரு கருவி. 100 மில்லி ரத்தத்தில் ஆல்கஹால் 30 மில்லிகிராமைத் தாண்டினால் கேஸ். முதல் முறை மாட்டினால் 10 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. ஸ்பாட் ஃபைன் கட்டிவிட்டு நகர்கிற விஷயம் இல்லை இது. கோர்ட்டுக்குப் போக வேண்டிய குற்றம்.

2019-ல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்படும் வரை இந்த 10 ஆயிரம், வெறும் 2 ஆயிரமாக இருந்தது. திருத்தத்தில் வந்த புதிய அபராதங்களைத் தமிழ்நாடு 2022 அக்டோபரில்தான் அமலுக்குக் கொண்டுவந்தது. அதே மாதம் சென்னை போக்குவரத்து போலீஸ் இன்னொன்றையும் சொன்னது: ஓட்டுபவர் போதையில் இருந்தால் கூட வருபவருக்கும் அபராதம் உண்டு. "நான் பின்னாடி சும்மாதானே உட்கார்ந்து வந்தேன்?" என்று கேட்டால், பிரிவு 188-ஐக் காட்டுவார்கள். குற்றத்துக்கு உடந்தை.

தண்டனையைக் கடுமையாக்க வேண்டும் என்று சொல்ல எந்த அரசுக்கும், எந்த நகராட்சிக்கும் தயக்கமே இருக்காது. அப்படிச் சொல்வதற்குச் செலவு கிடையாது. பணம் கட்டப்போவது குடித்துவிட்டு ஓட்டியவர். அப்படி ஆதரிக்கிற நிர்வாகம் தன் தலையில் எதைச் சுமந்துகொள்கிறது என்று கேட்டால்தான் விஷயம் சிக்கலாகிறது. அந்தக் கேள்விக்கு உருப்படியாகப் பதில் சொன்ன ஊர் ஒன்று உண்டு. ஜப்பானின் தெற்கே இருக்கும் ஃபுகுவோக்கா.

அங்கே என்ன நடந்தது?

2006 ஆகஸ்ட் 25 இரவு. கடலுக்கு மேலே போகும் ஒரு பாலத்தில், ஐந்து பேர் கொண்ட குடும்பம் வந்த காரைப் பின்னாலிருந்து இன்னொரு கார் இடித்தது. முன்னால் போன கார் தடுப்பை உடைத்துக்கொண்டு கடலில் விழுந்தது. அப்பாவும் அம்மாவும் பிழைத்தார்கள். 4, 3, 1 வயதுக் குழந்தைகள் மூவரும் இறந்துவிட்டார்கள். இடித்தவர் குடித்திருந்தார், நிற்காமல் போகப் பார்த்தார். அவருக்கு வயது 22. வேலை? ஃபுகுவோக்கா மாநகராட்சியில்.

இந்தக் கடைசித் தகவல்தான் எல்லாவற்றையும் மாற்றியது. வேறு யாரோ ஒரு குடிகாரர் செய்தது என்று மாநகராட்சி ஒதுங்க முடியவில்லை. அதன் பிறகு நாடு முழுக்க உள்ளாட்சி நிர்வாகங்கள் தங்கள் ஊழியர்களுக்கான ஒழுங்கு விதிகளை இறுக்கின. குடித்துவிட்டு ஓட்டி மாட்டினால், விபத்தே நடக்காவிட்டாலும் பொதுவாக வேலை போகும் என்ற அளவுக்கு. இது அதிகப்படி என்று சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள். சில பணிநீக்கங்களை நீதிமன்றங்கள் ரத்தும் செய்தன. ஒரே ஒரு தவறுக்கு மொத்த வாழ்க்கையையும் பறிப்பது சரியா என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் பாருங்கள், அங்கே அந்தச் சண்டை நடந்தது அரசு ஊழியரின் வேலையை வைத்து. இங்கே நாம் இன்னும் பொதுமக்களின் பர்ஸை வைத்துத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

தேசிய அளவில் 2007 செப்டம்பரில் சட்டம் கடுமையானது. நிதானம் இழக்கும் அளவுக்குக் குடித்து ஓட்டினால் 5 ஆண்டு வரை சிறை அல்லது 10 லட்சம் யென் வரை அபராதம். வண்டியைக் கொடுத்தவருக்கும் அதே தண்டனை. வண்டி ஓட்டப்போகிறவர் என்று தெரிந்தே மது கொடுத்தவருக்கும், தெரிந்தே தன்னைக் கொண்டுபோய் விடச் சொல்லிக் கூட ஏறியவருக்கும் 3 ஆண்டு வரை. அதாவது பார்க்காரரும் மாட்டுவார். பாலத்து விபத்தில் கீழ்க் கோர்ட் ஏழரை ஆண்டுதான் கொடுத்தது. மேல்முறையீட்டில் அது 20 ஆண்டானது, 2011-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது.

அத்தோடு அடங்கிவிடவில்லை. 2011 பிப்ரவரியில் அதே ஃபுகுவோக்கா மாகாணத்தில் குடித்துவிட்டு ஓட்டியவரின் கார் மோதி இரண்டு பள்ளி மாணவர்கள் இறந்தார்கள். இத்தனை கடுமையான சட்டம் இருந்தும்! மாகாண நிர்வாகம் 2012-ல் தானே ஒரு உள்ளூர்ச் சட்டம் போட்டது. ஐந்து ஆண்டுக்குள் இரண்டு முறை மாட்டினால், குடிநோய் இருக்கிறதா என்று டாக்டரிடம் பரிசோதித்துக்கொண்டே ஆக வேண்டும். போகாமல் டிமிக்கி கொடுத்தால் 50 ஆயிரம் யென் வரை அபராதம். இரண்டாவது முறையும் மாட்டுகிறவரைப் பெரிய அபராதம் மட்டும் நிறுத்தாது, அவருக்குச் சிகிச்சை தேவைப்படலாம் என்று யோசித்த சட்டம் இது.

அதே ஆண்டு மே மாதம், ஊழியர்கள் குடித்துவிட்டுச் செய்த ரகளைகள் தொடர்ந்து செய்தியாக, மேயர் தகாஷிமா தன் ஊழியர்கள் எல்லோரிடமும் ஒரு மாதத்துக்கு வீட்டுக்கு வெளியே குடிக்காதீர்கள் என்று சொன்னார். இது கொஞ்சம் ஓவர் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் சாட்டை யார் பக்கம் திரும்பியது என்பதைக் கவனிக்கலாம்.

பலன் இருந்ததா? 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜப்பானில் குடிபோதை ஓட்டுநர்களால் நடந்த உயிரிழப்பு விபத்துகள் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேல். சமீப ஆண்டுகளில் அது 200-க்குள் வந்துவிட்டது. தண்டனை மட்டுமே இதைச் செய்யவில்லை. ஜப்பானில் 'டைகோ' என்று ஒரு சேவை உண்டு. போன் போட்டால் இரண்டு பேர் ஒரு காரில் வருவார்கள். ஒருவர் உங்கள் காரை ஓட்டி உங்களை வீட்டில் விடுவார், இன்னொருவர் பின்னாலேயே வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போவார். பஸ் வசதி குறைந்த சின்ன ஊர்களில் இதுதான் பெரிய ஆறுதல்.

சரி, நம்ம ஊர்?

இங்கே மதுவைச் சில்லறையில் விற்பது 2003 முதல் அரசு நிறுவனமான டாஸ்மாக். 2023-24-ல் அதன் வழியாக அரசுக்கு வந்தது 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். பாட்டிலைக் கொடுப்பதும் அரசு, ஊதச் சொல்வதும் அரசு. ஜப்பானில் மது கொடுத்தவரும் குற்றவாளி ஆகலாம். அந்த விதியை இங்கே அப்படியே கொண்டுவந்தால் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

உள்ளாட்சிகளின் பெயர் இந்த விவகாரத்தில் பெரிதாக அடிபட்டது 2017-ல். வழக்கறிஞர் கே.பாலு தொடுத்த, தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில், நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2017 ஏப்ரல் முதல் தேதி தமிழ்நாட்டில் 3 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. உடனே என்ன செய்தார்கள்? மாநில நெடுஞ்சாலைகளை உள்ளாட்சிச் சாலைகளாக வகை மாற்றும் வேலை தொடங்கியது. நெடுஞ்சாலை என்ற பெயர் போனால் 500 மீட்டர் கணக்கும் போய்விடுமே! சென்னை உயர் நீதிமன்றம் குறுக்கே வந்தது. அதே ஆண்டு ஜூலையில், நகராட்சி எல்லைகளுக்குள் இந்தத் தடை பொருந்தாது என்று உச்ச நீதிமன்றமே தளர்த்திவிட்டது. ஃபுகுவோக்காவில் உள்ளாட்சி தனக்குத்தானே கயிறு கட்டிக்கொண்டது. இங்கே உள்ளாட்சியின் பெயரைச் சொல்லிக் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தார்கள்.

அபராதம் 10 ஆயிரமாகவே இருக்கட்டும், லைசென்ஸும் குறைந்தது 3 மாதம் முடங்கட்டும். அதற்கு எதிர்ப்பு இல்லை. கூடவே, மாநகராட்சிக் குப்பை லாரியிலிருந்து அதிகாரியின் ஜீப் வரை, அரசு வண்டி ஓட்டுபவர்களுக்கு டியூட்டிக்கு முன்னால் தினமும் ஊதும் சோதனை வரட்டும். இரண்டாவது முறை மாட்டுபவர் அரசு ஆஸ்பத்திரியின் மறுவாழ்வுப் பிரிவுக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்று விதி வரட்டும். பார் டெண்டரில், குடித்தவரின் வண்டிச் சாவியை வாங்கிவைப்பது ஒரு நிபந்தனையாகட்டும். டாஸ்மாக் கடை ஷட்டர் இறங்குவது ராத்திரி 10 மணிக்கு. அந்த நேரத்துக்கு உங்கள் ஊரில் கடைசி டவுன் பஸ் போயிருக்குமா, இருக்குமா என்பதையும் நகராட்சி ஒருமுறை விசாரித்துப் பார்க்கலாம்.