மழைக்கு முன் ஒரு கரண்டி சணல்



கற்பிட்டி மணலை ஒரு கை அள்ளிப் பாருங்கள், விரலிடுக்கால் வழிந்துவிடும். காலையில் விட்ட தண்ணீரைப் பின்னேரம் தேட வேண்டும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. நடுவே இந்த மணலுக்கடியில், அதிக ஆழமில்லாமல், மழைநீர் தேங்கி நிற்பதால்தான் இங்கே வெங்காயமும் மிளகாயும் பீட்ரூட்டும் விளைகின்றன. குடிப்பதற்கும் அதே தண்ணீரைத்தான் இறைக்கிறோம்.

போட்ட யூரியாவில் பயிர் எடுத்தது போக மிச்சம் நைத்திரேற்றாகக் கரைந்து அந்தத் தண்ணீரில் சேர்கிறது. 1980களிலேயே இங்குள்ள கிணறுகளைச் சோதித்தவர்கள் இதை எழுதி வைத்துவிட்டார்கள். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்குத்தான் ஆபத்து அதிகம். கொதிக்க வைத்தால் போய்விடும் என்று நினைக்கும் தாய்மாருக்காகச் சொல்கிறேன்: போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும்.

2021இல் இரசாயனப் பசளைக்குத் திடீரெனத் தடை வந்தபோது தோட்டக்காரர் பட்ட பாடு மறக்கக்கூடியதல்ல. அதனால் யூரியாவைத் தூக்கி எறியுங்கள் என்று சொல்ல வரவில்லை. மழையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

ஐப்பசி மழை இறங்கும்போது வீட்டுத் தோட்டத்துப் பாத்திகள் பல வெறுமையாகக் கிடக்கின்றன. மிச்சப் பசளையைக் கிணற்றுக்கு இறக்குவது அந்த மழைதான். அப்போது மண்ணில் வேர் இருக்க வேண்டும். முதல் ஈரத்தோடு, பசுந்தாட் பசளைக்கென வளர்க்கும் சணலைத் தூவுங்கள். நாலடிக்கு நாலடி இடத்துக்கு ஒரு தேக்கரண்டி நிரம்ப விதை போதும். கூடவே கொஞ்சம் குரக்கனும் தூவுங்கள். மண்ணில் ஏற்கெனவே கிடக்கும் நைதரசனை வாரி எடுப்பதில் குரக்கன் கெட்டி. சணலோ காற்றில் இருப்பதையும் பிடித்துத் தரும்.

சென்ற மாரியில் ஆலங்குடாவில் ஓர் அக்கா, கிணற்றடிப் பாத்தியிலிருந்து ஒரு சணலைப் பிடுங்கி அலசிக் காட்டினார். வேரில் கடுகைவிடச் சற்றுப் பெரிய முடிச்சுகள். ஒன்றை நகத்தால் நசுக்கினார், உள்ளே இளஞ்சிவப்பு. அந்த நிறம் இருந்தால் உள்ளிருக்கும் நுண்ணுயிர் வேலை செய்கிறது என்று பொருள். வட்டப்புழு பிடித்த வேரும் இப்படி முடிச்சு முடிச்சாகத் தெரியும், பயந்துவிடாதீர்கள். நல்ல முடிச்சு விரலால் தட்டினால் உதிர்ந்துவிடும். புழு பிடித்ததில் வேரே வீங்கியிருக்கும், உதிராது. மணல் தோட்டங்களைப் பாடாய்ப் படுத்தும் அந்தப் புழுவைச் சணல் குறைக்கவும் செய்யும்.

சணலில் மஞ்சள் பூ வந்ததும், அழகாக நிற்கிறதே, இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று மனம் சொல்லும். கேட்காதீர்கள். தண்டு நாராகிப் போனால் உக்காது. பூக்கத் தொடங்கும் 45, 50 நாளில் வெட்டித் துண்டாக்கி, மண்வெட்டியால் புரட்டி மூடிவிடுங்கள். இரண்டு கிழமையில் நாற்று நடுங்கள். அதற்கு மேல் பாத்தியைச் சும்மா போடக் கூடாது. மணலில் பச்சை இலை வேகமாக உக்கும், எடுக்க வேரில்லாவிட்டால் அந்தச் சத்தும் மழையோடு கீழே போய்விடும். நட்ட பிறகு யூரியாவை வழக்கத்தைவிடக் குறைத்துப் போட்டு, இலையின் நிறத்தைப் பார்த்து மேலே முடிவு செய்யுங்கள்.

புரட்டும்போது வேலியோரம் பத்துச் செடியை மட்டும் விட்டுவையுங்கள். காய் முற்றிக் காய்ந்து, குலுக்கினால் சலசலவென்று சத்தம் வரும். அப்போது பறித்து வைத்தால் அடுத்த ஐப்பசிக்கு விதை வீட்டிலேயே இருக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்