இனிய குரலை நம்பலாமா?

‘இந்நூலைக் கத்தோலிக்கர் தொடலாமா?’ விளாதிமிர் நபக்கோவின் ‘லோலிதா’ புதினத்தைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் நம்மவர் கேட்கும் முதல் வினா இதுவே. வினாவே பிழை என்கிறோம்.

1955இல் பாரிசில் வெளிவந்த இப்புதினத்தை 1959இல் பம்பாயில் சுங்கத்துறை தடுத்து வைத்தது. நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் அது ஆபாசம் என்றார். பிரதமர் நேருவோ அனுமதித்தார். வழக்கு இன்னும் ஓயவில்லை. தடுக்கக் கோருவோர் ஒருபுறம். காதல் காவியம் எனப் புகழ்வோர் மறுபுறம். கதை சொல்பவனே குற்றவாளி என்பதை இரு சாராரும் மறக்கின்றனர்.

பன்னிரண்டு வயதுச் சிறுமியைச் சீரழித்தவன் சிறையிலிருந்து தீட்டும் தற்காப்புரை அது. மொழி அழகு, சொல்வது பொய். சிறுமியின் பெயர் டொலோரஸ். நம் வியாகுல அன்னையின் ஸ்பானியப் பெயர். அதை மறைத்தே அவன் ‘லோலிதா’ என்கிறான். ஆயினும் இரவுதோறும் அவள் அழுததை அவன் வாயே உளறிவிடுகிறது. பாவத்தை அறிக்கையிடுவது வேறு. பாவத்துக்கு அணி செய்வது வேறு.

தானியேல் நூலின் 13ஆம் அதிகாரத்தை நாம் அறிவோம். முதியோர், நீதிபதிகள் என்பதற்காகவே அவ்விருவரின் சாட்சியத்தை நம்பி, சூசன்னாவுக்குச் சாவுத் தீர்ப்பளித்தது சபை. இளைஞர் தானியேலோ இருவரையும் தனித்தனியே விசாரித்தார். எந்த மரத்தடியில் என்ற ஒரே கேள்வியில் பொய் உடைந்தது. இப்புதினம் வேண்டுவது அத்தகைய வாசகரையே.

நம் திருப்பூர் வட்டாரத்துக்கு இது புத்தகச் சிக்கல் மட்டுமன்று. ‘சுமங்கலித் திட்டம்’ என்ற மங்கலப் பெயரில், மூன்றாண்டு உழைத்தால் திருமணத்துக்கு மொத்தத் தொகை என்று தரகர்கள் பேசிய பேச்சும் இனிமையானதே. அதை நம்பி எத்தனை ஏழைப் பெண்கள் நூற்பாலை விடுதிகளில் அடைபட்டனர்! பேசியவர் தரகர், கையொப்பமிட்டவர் தந்தை, மகளைக் கேட்டவர் யார்?

சிறுவர் கையில் கொடுக்கத்தக்க நூலன்று இது, மறுக்கவில்லை. ஆனால், விலக்கப்பட்ட நூல்களின் பட்டியலுக்கு இருந்த சட்ட வலிமையை 1966இல் திருச்சபையே நீக்கி, பொறுப்பை நம் மனச்சான்றிடம் ஒப்படைத்தது. அம்மனச்சான்றுக்குப் பயிற்சி வேண்டாமா? முதிர்ந்தோர் இதைப் படிக்கட்டும். பக்கந்தோறும், ‘டொலோரஸ் பேசியிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்?’ என்று கேட்டுப் படிக்கட்டும். அதே கேள்வியை நம் இல்லங்களிலும் ஆலைகளிலும் பங்குகளிலும் கேட்கட்டும். குருக்களாகிய எம்மிடமும் கேட்கட்டும்.