வினாவையும் எடைபோடுக!

ஆரணியிலே தறிக்குழியில் கால் வைத்து அமர்ந்து பட்டு நெய்யும் தோழர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு சேலையிலே மட்டும் இழை பிசகியிருந்தால், குறை நெய்தவர் கையிலே. ஒரே சாயத்தொட்டியிலிருந்து வந்த பட்டைக் கொண்டு பத்துத் தறிகளிலே நெய்த பத்துச் சேலைகளிலும் ஒரே மாதிரித் திட்டு விழுந்திருந்தால்? கைதேர்ந்தவர் நெய்ததும், நேற்றுத் தறியேறிய இளைஞன் நெய்ததும் ஒன்றுபோலவே கெட்டிருந்தால்? குறை சாயத்திலே என்பார்கள். இதை அறிய அவர்களுக்குப் பட்டம் எதுவும் வேண்டியதில்லை. ஆனால், அதே நெசவாளியின் பிள்ளை தேர்வு எழுதப் போகும்போது மட்டும் இந்த நியாயம் தலைகீழாகிறது. விடை தவறினால் குற்றவாளி மாணவன். வினாவோ விசாரணைக்கு அப்பாற்பட்டது!

வினாவை விசாரிக்க வழி இல்லையா? இருக்கிறது, அதுவும் மாணவர் எழுதிய விடைகளைக் கொண்டே. ஆயிரம் பேர் எழுதிய தேர்வொன்றை எடுத்துக்கொள்வோம். மொத்த மதிப்பெண்ணிலே முன்னணியில் நிற்கும் 270 பேர், கடைசியில் நிற்கும் 270 பேர் என இரு அணிகள் பிரிக்கிறோம். இந்த 27 விழுக்காட்டு அளவை 1939-இல் அமெரிக்கப் பேரறிஞர் கெல்லி கணக்கிட்டுக் காட்டினார். ஒரு வினாவுக்கு முன்னணியில் 216 பேரும் பின்னணியில் 81 பேரும் சரியாக விடையளித்தால், அந்த வினா கற்றவரையும் கல்லாதவரையும் பிரித்துக் காட்டும் நல்ல வினா. இன்னொரு வினாவுக்கு முன்னணியில் 81 பேர், பின்னணியில் 108 பேர் சரி என்றால்? நன்கு படித்தவன் தவறுகிறான், படிக்காதவன் தப்புகிறான்! விடைக்குறிப்பு தவறாக இருக்கலாம், விடை இரண்டு இருக்கலாம், மொழி குழம்பியிருக்கலாம். எதுவாயினும், அந்த வினாவைக் கூண்டிலே ஏற்றாமல் மதிப்பெண் வழங்குவது முறையல்ல.

இதே கணக்கை மொழிவாரியாகவும் போடலாம். மற்ற வினாக்களிலே சமமாக நிற்கும் தமிழ்வழி மாணவரும் ஆங்கிலவழி மாணவரும் ஒரு குறிப்பிட்ட வினாவிலே மட்டும் வெகுவாகப் பிரிந்தால், பழுது மாணவரிடம் இல்லை, மொழியாக்கத்திலே இருக்கக்கூடும். இதற்கான கணித முறையை ஹாலண்டு, தேயர் என்னும் இருவர் 1988-இலேயே வகுத்துத் தந்துவிட்டனர்.

2018-ஆம் ஆண்டு மே திங்களில் நடந்த ‘நீட்’ தேர்வை நினைவுகூருங்கள், தோழர்களே! மொத்தம் 180 வினாக்கள். அவற்றிலே 49 வினாக்களின் தமிழாக்கம் பிழை என வழக்கு எழுந்தது. சிறுத்தை, ‘சீத்தா’ ஆயிற்று! விலங்கைத் தேடிய மாணவன் கையிலே பழத்தைக் கொடுத்தார்கள். தேர்வை நடத்திய நடுவண் இடைநிலைக் கல்வி வாரியமோ, ஐயம் நேர்ந்தால் ஆங்கில வினாவே இறுதி என விதி வைத்திருந்தது. ஆங்கிலத்தைப் பார்த்துத் தெளிக என்றால், தமிழ் வினாத்தாள் எதற்கு? அலங்காரத்திற்கா?

மாநிலங்களவை உறுப்பினராக இருந்த டி.கே. ரங்கராசன் தொடுத்த அவ்வழக்கிலே, சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சூலைத் திங்களில், வினாவுக்கு 4 வீதம் 196 மதிப்பெண் வழங்க ஆணையிட்டது. உச்சநீதிமன்றம் பத்தே நாளில் தடை விதித்து, நவம்பரிலே அத்தீர்ப்பை நீக்கியது. அனைவருக்கும் 196 என்பது தாராளம். சரியாக எழுதியவனுக்கும் குழம்பித் தவறியவனுக்கும் ஒரே அளவு. ஒன்றுமே இல்லை என்பதோ கொடுமை. இரண்டிற்கும் இடையே ஒரு நேர்வழி இருந்தது: அந்த 49 வினாக்களிலே தமிழிலே எழுதியோர் எப்படி எழுதினர், மற்ற 131-இல் எப்படி எழுதினர் எனப் பார்த்து, எந்தெந்த வினா மாணவரைக் கவிழ்த்தது எனக் காண்பது. அதற்கான சான்று விடைத்தாள்களிலேயே இருந்தது.

2024-இல் வந்தது இன்னொரு கூத்து. இயற்பியல் வினா ஒன்றுக்கு இரு விடைகளையும் சரி என்றது தேசியத் தேர்வு முகமை. உச்சநீதிமன்றம் தில்லி ஐ.ஐ.டி. வல்லுநர் மூவரைக் கேட்டது. விடை ஒன்றுதான் என்றனர். ஒரே வினாவால் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு மதிப்பெண் குறைந்தது. முடிவு வெளியான பின்னே, நீதிமன்றப் படியேறிய பின்னே!

கணக்கே போதும் என்றும் மயங்க வேண்டாம். 1982-இல் அமெரிக்காவின் எஸ்.ஏ.டி. தேர்வில், பெரிய வட்டத்தைச் சுற்றி உருளும் சிறிய வட்டம் பற்றிய வினா ஒன்றுக்குத் தரப்பட்ட விடைகள் அத்தனையும் தவறு. மூன்று இலட்சம் பேர் எழுதியும், எழுதிக் கேட்டவர்கள் மூவரே. நல்ல மாணவரும் ஏமாந்துபோகும் வினாவை எண்கள் காட்டிக்கொடுக்கமாட்டா. ஆகவே வினாத்தாள் வெளிப்படையாக வேண்டும். மறுப்புக்குச் செவி சாய்க்க வேண்டும். அத்துடன் கணக்கும் வேண்டும்.

முடிவை அறிவிக்குமுன் ஒவ்வொரு வினாவையும் மொழிவாரியாக ஆராய்க, அக்கணக்கை மக்கள்முன் வைக்க என்பதே நடுவணரசிடம் நாம் வைக்கும் கோரிக்கை. நம் மாநில அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கும் இதையே சொல்கிறோம், உறவு கருதி விட்டுவைக்க மாட்டோம். தேர்ச்சி விழுக்காடும் நூற்றுக்கு நூறு பெற்றோர் தொகையும் மட்டும் போதா. எந்த வினாவிலே எத்தனை பேர் இடறினர் என்பதும் வரவேண்டும்.

அதுவரை ஆரணித் தோழர்கள் காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஆசிரியராக உள்ளோர், வரும் காலாண்டுத் தேர்விலே நாற்பது விடைத்தாள்களை மதிப்பெண் வரிசையில் அடுக்கி, மேலே பதினொன்று, கீழே பதினொன்று எடுத்து, வினாவுக்கு வினா எண்ணிப் பாருங்கள். ஒரு மாலைப்பொழுது போதும்.