காயல் பார்த்த வீடு யார் பணத்தில்?

"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். இன்று வீட்டைக் கட்டிப் பார்ப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். வாங்கிப் பார்ப்பவர்கள்தான் அதிகம். அதிலும் கொச்சியில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளின் கண் இப்போது காயலோர அடுக்குமாடி வீடுகளின் மேல் விழுந்திருக்கிறது. பால்கனியில் நின்றால் கீழே படகு போக வேண்டும், மாலை வெயில் தண்ணீரில் மினுங்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். அந்த ஆசையைக் குறை சொல்ல இந்தக் கட்டுரையை எழுதவில்லை. அந்த ஆசைக்கு யாருடைய பணம் போகிறது என்று நம் குடும்பங்கள் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

நான் தேவிகுளம் வட்டத்தில் எஸ்டேட் ஆபீசில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். பிராவிடண்ட் பண்ட் படிவம், கிராஜுவிட்டி படிவம் என்று எத்தனையோ பேருக்கு நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் இன்றும் பலர் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்கள். முன்பெல்லாம் மகள் கல்யாணத்துக்கோ, தேனிப் பக்கம், தென்காசிப் பக்கம் சொந்த ஊரில் மனை வாங்கவோ ஆலோசனை கேட்பார்கள். இப்போது கொண்டு வருவது கொச்சி பில்டர்களின் வழவழப்பான விளம்பரப் புத்தகம். பாலக்காட்டு எல்லையிலும் இதே கதைதான் என்று கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்து நண்பர்கள் சொல்கிறார்கள். அங்கே கிராஜுவிட்டிக்குப் பதில் தென்னந்தோப்பு விலையாகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சொந்த வீடு என்ற ஏக்கம் நம்மவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மூன்று தலைமுறை லயத்தில் வாழ்ந்தவர்கள் நாம். வேலை உள்ளவரை லயம். வேலை முடிந்தால் பிள்ளைகளில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்திருக்க வேண்டும், இல்லையேல் சாமான்களைக் கட்ட வேண்டும். 2020 ஆகஸ்டு 6-ஆம் தேதி இரவு ராஜமலை பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களோடு 70 பேரைக் கொண்டு போனதை நாம் மறக்க முடியாது. அப்படிப்பட்ட வீடுகளில் வளர்ந்த பிள்ளை, "அப்பா, இனி நாம் நல்ல இடத்தில் இருப்போம்" என்று சொன்னால் எந்தத் தகப்பனின் மனம் இளகாது?

கொச்சியும் சாதாரண ஊர் அல்ல. போல்காட்டியில் 2010-இல் உல்லாசப் படகுகளுக்கென்றே மெரினா வந்தது. 2023 ஏப்ரலில் வாட்டர் மெட்ரோ ஓட ஆரம்பித்தது. காயலும் தீவும் படகுமாக இருக்கும் நகரத்தில் தண்ணீர் தெரியும் ஜன்னலுக்குத் தனி விலை வைப்பது இயற்கையே. ஆனால் அந்தத் தண்ணீருக்குப் பக்கத்தில் கட்டடம் நிற்க உரிமை உண்டா என்பதுதான் முதல் கேள்வி. அந்தக் கேள்விக்குக் கொச்சியிலேயே பதில் கிடைத்துவிட்டது.

மரடு என்ற பெயரை வாசக அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2006-இல் மரடு கிராமப் பஞ்சாயத்து அனுமதி கொடுத்தது. காயலோரத்தில் எச்2ஓ ஹோலி பெய்த், ஆல்பா செரீன், ஜெயின்ஸ் கோரல் கோவ், கோல்டன் காயலோரம் என்று நான்கு குடியிருப்புகள் எழுந்தன. முந்நூறுக்கும் அதிகமான வீடுகள். வாங்கியவர்கள் ஆதாரம் பதிந்தார்கள், கரம் அடைத்தார்கள், வங்கிக் கடன் பெற்றார்கள், குடியேறினார்கள். 1991-ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிப்பின்படி அந்த இடத்தில் கட்ட, கடலோர மேலாண்மை ஆணையத்தின் இசைவு வேண்டும். பஞ்சாயத்து அந்த இசைவு இல்லாமலே அனுமதி கொடுத்திருந்தது. வழக்கு உயர் நீதிமன்றத்தில் பல ஆண்டு நடந்தது; அங்கே கட்டியவர்கள் பக்கமே தீர்ப்பு வந்தது. ஆனால் 2019 மே 8-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் எல்லாவற்றையும் இடிக்கச் சொல்லிவிட்டது.

அந்தச் செப்டம்பரில் மின்சாரமும் தண்ணீரும் நிறுத்தப்பட்டன. அக்டோபர் முதல் வாரத்துக்குள் குடும்பங்கள் கட்டில், பீரோவோடு வெளியேறின. 2020 ஜனவரி 11, 12 ஆகிய இரண்டு நாட்களில் வெடிமருந்து வைத்து நான்கு குடியிருப்புகளையும் தரைமட்டமாக்கினார்கள். 19 மாடிக் கட்டடம் சில நொடிகளில் தூளாகி விழுந்ததைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. வேடிக்கையாகப் பார்த்தவர்கள் உண்டு. எனக்கோ அந்தப் புழுதிக்குள் எத்தனை பேருடைய பிராவிடண்ட் பண்ட் போனதோ என்றுதான் தோன்றியது.

இழப்பீடு கொடுத்தார்களே என்று கேட்கலாம். வீட்டுக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அதைப் பங்கிட அமைந்த குழு முதலில் பார்த்தது ஆதாரத்தில் எழுதிய தொகையை. முத்திரைத்தாள் செலவை மிச்சப்படுத்த விலையைக் குறைத்து எழுதியவர்களுக்குக் குறைந்த தொகைதான் சிபாரிசு ஆயிற்று. மீண்டும் நீதிமன்றம் போன பிறகுதான் எல்லோருக்கும் 25 லட்சம் என்று ஆணை வந்தது. நம்மவர்களுக்கு இதில் பெரிய பாடம் இருக்கிறது. கறுப்பில் கொடுத்த பணத்துக்கு எந்தக் கோர்ட்டிலும் சாட்சி இல்லை.

சென்ற ஆண்டு ஒரு தம்பி என்னிடம் விளம்பரப் புத்தகத்தை நீட்டினார். அவருடைய தகப்பனார் என்னோடு ஒரே எஸ்டேட்டில் இருந்தவர். "ஐயா, பெர்மிட் இருக்கு, பேங்க் லோன் தர்றான், அப்புறம் என்ன பயம்?" என்றார். "மரட்டுலயும் பெர்மிட் இருந்துச்சு, பேங்க்கும் லோன் குடுத்துச்சு தம்பி" என்றேன். அவர் பேசாமல் இருந்தார்.

அதிகாரியின் முத்திரை இருந்தால் போதும் என்று கொச்சிக்காரர் நம்பலாம்; இடுக்கிக்காரர் நம்பலாமா? 1999-இல் தேவிகுளம் வட்டத்தில் கொடுத்த பட்டாக்களின் கதை நமக்குத் தெரியாததா? ரவீந்திரன் பட்டா என்று ஊரே பெயர் வைத்த அந்த 530 பட்டாக்களை ரத்து செய்ய 2022 ஜனவரியில் அரசு உத்தரவிட்டது. கையெழுத்துப் போட அதிகாரம் உள்ளவர் போட்டாரா என்பதே அங்கே பிரச்சினை. மரட்டிலும் அதே கேள்விதான். மலையில் படித்த பாடத்தைச் சமவெளியில் இறங்கியதும் மறந்துவிடுகிறோம்.

இன்னொரு வாதமும் கேட்கிறேன். "எத்தனையோ பேர் கட்டியிருக்கிறார்கள், எல்லாவற்றையுமா இடித்துவிட்டார்கள்?" உண்மைதான். அதே கொச்சியில் சிலவன்னூர் காயலோரத்தில் ஒரு பெரிய நிறுவனம் கட்டிய குடியிருப்பை இடிக்கும்படி 2014-இல் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி உத்தரவிட்டார். மேல்முறையீட்டில் அது ஒரு கோடி ரூபாய் அபராதமாக மாறியது. 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. ஆக, ஓரிடத்தில் அபராதத்தோடு போயிற்று, மற்றோரிடத்தில் வெடிமருந்து வந்தது. எது எப்போது நடக்கும் என்று வாங்குகிறவர் முன்கூட்டி அறிய முடியாது. நிச்சயமில்லாத இந்த ஆட்டத்தில் வயதான பெற்றோரின் பணத்தை வைக்கலாமா என்பதே என் கேள்வி.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், தண்ணீரும் உப்பும் இருக்கின்றன. 2018 ஆகஸ்டில் நம் செறுதோணி அணையின் ஷட்டர்களை 26 ஆண்டுகளுக்குப் பிறகு திறந்தார்கள். அந்த வெள்ளக் காலத்தில் பெரியாறு பொங்கி ஆலுவாப் பக்கம் வீடுகளுக்குள் புகுந்தது. நெடும்பாசேரி விமான நிலையம் இரண்டு வாரம் மூடிக் கிடந்தது. மலையில் நாம் கண்ட மழைதான் கீழே போய் ஆற்றோரத்தார் வாசலைத் தட்டியது. அடுத்து, வைற்றிலாவுக்கு அருகில் காயல் சூழ்ந்த சில்வர் சாண்ட் தீவில், ராணுவத்தாருக்காக அவர்களுடைய வீட்டுவசதி அமைப்பே கட்டி 2018-இல் ஒப்படைத்த சந்தர்குஞ்ச் குடியிருப்பைப் பாருங்கள். அதன் இரண்டு கோபுரங்கள் வசிக்கப் பாதுகாப்பற்ற நிலைக்கு வந்துவிட்டன. அவற்றை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டித் தரும்படி 2025 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பில்டர் யாராக இருந்தாலும் கான்கிரீட் நன்றாக இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். காயல் காற்றின் உப்பு, கம்பியைத் தின்னக் காத்துக்கொண்டே இருக்கிறது.

இப்படிச் சொல்வதால் காயலோரத்தில் யாருமே வாங்கக் கூடாது என்று நான் கூறுவதாக எண்ண வேண்டாம். நம் பிள்ளைகள் காக்கநாட்டு இன்போபார்க்கில் கணினி முன் உட்கார்ந்து சம்பாதிக்கிறார்கள். விரும்பிய வீட்டை விரும்பிய இடத்தில் வாங்க அவர்களுக்கு உரிமை உண்டு. முப்பது வயதுக்காரருக்கு இன்னும் முப்பது ஆண்டுச் சம்பளம் இருக்கிறது. ஒன்று போனால் மற்றொன்று தேடலாம். ஆனால் கொழுந்து பறித்த கையில் கிராஜுவிட்டி ஒரே ஒரு முறைதான் வருகிறது. விற்ற தோப்பும் திரும்பி வராது. மகனுடைய வீட்டின் விலையில் அந்தப் பணம் அட்வான்சாகப் போகிறது. ஆதாரத்திலோ பெரும்பாலும் பெற்றோரின் பெயர் இருப்பதில்லை. பதினான்காம் மாடியில் பேச்சுத் துணையில்லாமல் காயலைப் பார்த்துக்கொண்டிருக்கும் எத்தனையோ தாய்மார்களை நான் கண்டிருக்கிறேன்.

ஆகவே என் தாழ்மையான கருத்து இதுதான். காயலோர வீட்டை மகனோ மகளோ தங்கள் சம்பளத்திலும் தங்கள் பெயரிலுள்ள கடனிலும் வாங்கட்டும். பெற்றோரின் ஓய்வுப் பணத்தில் முதலில் பெற்றோரின் பெயரில் ஒரு சிறிய வீடு அமையட்டும். அது அடிமாலியாக இருக்கலாம், போடியாக இருக்கலாம், வண்ணாமடையாக இருக்கலாம். அதில் மீதம் இருந்தால் பிள்ளைக்குக் கொடுப்பது அவரவர் விருப்பம்.

எப்படியும் வாங்கியே தீருவது என்று முடிவெடுத்தவர்கள், கை நீட்டிப் பணம் கொடுக்கும் முன் சிலவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். "கடல் எங்கோ இருக்கிறது, இது காயல்தானே" என்று சொல்வார்கள். கடல் ஏற்றம் வந்து போகும் காயலுக்கும் ஆற்றுக்கும்கூடக் கடலோர விதி உண்டு. 1991, 2011, 2019 என்று மூன்று அறிவிப்புகள் வந்துள்ளன. விட வேண்டிய தூரம் மண்டலத்துக்கு மண்டலம் மாறும். எனவே கேரளக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் இசைவுக் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். பஞ்சாயத்து, நகராட்சி அனுமதி அதற்கு ஈடாகாது.

அடுத்தது மொழி வில்லங்கம். தமிழில் நிலம் என்றால் எந்த நிலமும் நிலம்தான். கேரள வருவாய் ஆவணத்தில் 'நிலம்' என்று எழுதியிருந்தால் அது வயல். வீடு கட்டத் தக்கது 'புரயிடம்'. வயலையும் சதுப்பையும் காக்க 2008-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. மலையாளம் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாத நம்மவர்கள் இந்த ஒரு சொல்லில் ஏமாந்துவிடக் கூடாது. முன் ஆதாரங்கள் எல்லாவற்றையும் சொந்த வக்கீலிடம் காட்ட வேண்டும். பில்டர் அனுப்பும் வக்கீல் பில்டருக்குத்தான் வக்கீல்.

மூன்றாவதாக, 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் வாங்குகிறவருக்குச் சில பிடிமானங்களைத் தந்திருக்கிறது. திட்டம் கேரள ரியல் எஸ்டேட் ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. ஒப்படைத்த ஐந்து ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் பில்டரே சரிசெய்து தர வேண்டும். கொடுக்கும் தொகை முழுவதும் வங்கி வழியாகப் போக வேண்டும், ஆதாரத்திலும் முழுத் தொகையே ஏற வேண்டும்.

நம் சங்கமும் இதில் ஒரு காரியம் செய்யலாம். ஆண்டு விழாவில் பட்டிமன்றம், கோலப்போட்டி எல்லாம் நடத்துகிறோம், மகிழ்ச்சி. அதோடு ஆண்டுக்கு ஒரு நாள், மலையாள ஆவணம் படிக்கத் தெரிந்த ஒரு வக்கீலையும் ஓய்வு பெற்ற ஒரு வில்லேஜ் ஆபீசரையும் உட்கார வைத்து, வீடு வாங்கப் போகும் குடும்பங்களின் காகிதங்களைப் பார்த்துச் சொல்ல ஏற்பாடு செய்தால் பெரும் புண்ணியம். நிர்வாகிகள் இதைப் பொதுக்குழுவில் எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

காயலின் அழகைப் பார்க்க வாட்டர் மெட்ரோவில் ஒரு டிக்கெட் எடுத்தாலும் போதும். வீடு என்பது பார்ப்பதற்கு முன்பு படுத்து உறங்குவதற்கு. தாயும் தகப்பனும் இனி யாரும் காலி செய்யச் சொல்ல மாட்டார்கள் என்ற நிம்மதியோடு உறங்கும் வீட்டை முதலில் அமைத்துக் கொடுங்கள். மாற்றுக் கருத்துள்ள இளைஞர்கள் அடுத்த இதழுக்கு எழுதட்டும், படிக்கக் காத்திருக்கிறேன்.