மின் கட்டண ரசீதில் வராத கணக்கு

செய்யூரை நாம் மறந்துவிடக் கூடாது. 4,000 மெகாவாட் அனல் மின் நிலையமும், நிலக்கரி இறக்கப் பனையூரில் ஒரு துறைமுகமும் அங்கே வருவதாக இருந்தன. மீனவர்களும் விவசாயிகளும் எதிர்த்தார்கள். வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. ஆலை எழவில்லை. 'வேலைவாய்ப்பு போச்சே' என்று இன்றும் அங்கலாய்ப்பவர்கள் ஒருமுறை எண்ணூர் போய்வரட்டும். வடசென்னை அனல் மின் நிலையத்தின் குழாய்களிலிருந்து கசிந்த சாம்பல், கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் படிந்து கிடப்பதைப் பார்க்கலாம்.

ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 700 கிராம் நிலக்கரி எரிகிறது. நம் நாட்டு நிலக்கரி என்றால் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சாம்பல். புகையிலுள்ள நுண்துகள் நுரையீரலின் அடிவரை சென்று ரத்தத்திலும் கலக்கிறது. ஆஸ்துமா, மாரடைப்பு, பக்கவாதம் அதன் விளைவுகள். பாதரசம் நீரில் இறங்கி மீன் வழியே கர்ப்பிணியின் தட்டுக்கு வருகிறது.

கந்தக டை ஆக்சைடைக் கட்டுப்படுத்த 2015இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. கெடு பலமுறை தள்ளிப்போனது. 2025 ஜூலையில் பெரும்பாலான ஆலைகளுக்கு விலக்கே தரப்பட்டுவிட்டது. கருவி பொருத்தினால் மின் கட்டணம் உயரும் என்கிறார்கள். பொருத்தாவிட்டால் அந்தச் செலவு மறைந்துவிடுமா? மூச்சிரைப்பால் கூலியை இழப்பவரின் வீட்டுக்கு அது வந்து சேரும். அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். இழந்த கூலியை யார் தருவார்?

சேரியை ஊருக்கு வெளியே வைத்தார்கள். புகைபோக்கிக்கும் ஊருக்கு வெளியேதான் இடம் தேடுகிறார்கள். காகிதத்தில் 'தரிசு' என்று எழுதப்படுவது பல நேரம் நம் ஆடு மாடு மேயும் நிலம்.

இது செங்கல்பட்டு மண். 1891இல் ஆட்சியர் திரமென்ஹீர் நம் மக்களின் நிலையை அறிக்கையாக எழுதியதும், அதைத் தொடர்ந்து 1892இல் பஞ்சமி நிலம் வழங்க அரசு ஆணை பிறந்ததும் இங்கிருந்துதான். அந்த நிலத்தை மீட்கக் காரணையில் நடந்த போராட்டத்தில் 1994இல் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தார்கள். நிலம் கேட்ட நாம் இப்போது நல்ல காற்றும் கேட்கிறோம். இரண்டும் ஒரே உரிமைதான்.

எந்த ஆலை வந்தாலும், முதல் செங்கல் வைக்கும் முன்பே சுற்றுக் கிராமங்களில் மூச்சு நோய், இதய நோய்க் கணக்கை எடுக்க வேண்டும். சேரியையும் இருளர் குடியிருப்பையும் விட்டுவிடாமல் எடுத்து, தமிழில் அச்சிட்டு, கிராம சபையில் வாசிக்க வேண்டும். அந்தக் கணக்கு இருந்தால்தான் நாளைக்கு 'ஆலையால் வந்த நோய் இல்லை' என்று யாரும் கைகழுவ முடியாது.