ஸ்டால்ல கியூஆர் கோடு இருக்கு... மேடையில?

உணவுத் திருவிழா என்று சின்ன ஊர்களில் இப்போது ஒட்டப்படும் போஸ்டரைப் பாருங்க. பிரியாணி, பரோட்டா, பஞ்சுமிட்டாய்க்குச் சமமான எழுத்தில் 'லைவ் மியூசிக், டிஜே' இருக்கும். காரணம் சிம்பிள். சாப்பிட அரை மணி நேரம் போதும். கூட்டம் ராத்திரி வரை நின்னு இன்னொரு பிளேட் சிக்கன் 65 வாங்கணும்னா, மேடையில யாராவது பாடிக்கிட்டே இருக்கணும். (பத்து மணிக்கு மேல ஒலிபெருக்கி கூடாதுன்னு 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்லுது. அது வேற கதை.)

கூட்டத்தைப் பிடிச்சு வைக்கிறது பாட்டு, கல்லா நிறையுறது ஸ்டாலில். இந்தக் கணக்கை சேந்தமங்கலத்தில் நின்று பார்த்தால் கொஞ்சம் உறுத்தும்.

ஏன்னா, நாமக்கல்லிலிருந்து கொல்லிமலைக்குப் போகும் வழியில் இருக்கிற ஊர் இது. காரவள்ளி தாண்டி 70 கொண்டை ஊசி வளைவு ஏறினால், கடையெழு வள்ளல்களில் ஒருவரான வல்வில் ஓரியின் மலை. ஓரியை வன்பரணர் பாடிய புறநானூறு 152-வது பாட்டில் ஒரு காட்சி உண்டு. காட்டில் வேட்டையாடும் ஒருவரைப் பாணர் கூட்டம் சந்திக்கிறது. யாழும் முழவும் எடுத்து வாசிச்சுப் பாடுறாங்க. தன் புகழைக் கேட்டு வெட்கப்படுகிற ஓரி, அந்தக் காட்டு வழியிலேயே வெந்த மான்கறி, மது, மலையில் கிடைத்த பொன், மணி எல்லாம் கொடுக்கிறார். அடுத்த பாட்டு இன்னும் சுவாரஸ்யம். பசியே இல்லாததால், வந்தவங்க ஆடவும் பாடவும் மறந்துட்டாங்களாம்!

சாப்பாடும் இசையும் ஒரே இடத்தில் சேர்ந்த அந்த விருந்தில் முதல் இலை கலைஞர்களுக்கு. இன்றைக்கோ, ஸ்டால்காரர் மூடும்போது மிஞ்சுற குஸ்காதான் பல ஊர்களில் மேடைக்காரங்களுக்கு.

ஓரியின் பெயரில் ஆடி 17, 18-ல் செம்மேட்டில் அரசு விழாவே நடக்குது. வில்வித்தைப் போட்டி, கலைநிகழ்ச்சி எல்லாம் உண்டு. சென்னையிலும் 2007-ல் தொடங்கி, இடையில் நின்று, 2023 பொங்கலுக்குத் திரும்பி வந்த சென்னை சங்கமத்தில் கரகாட்டமும் உணவு ஸ்டாலும் பக்கத்துப் பக்கத்தில். அங்கே அரசுப் பணம். சின்ன ஊரில் தனியார் ஏற்பாட்டாளர் கூட்டிக் கழிச்சுப் பார்க்கிறார். எட்டுப் பேர் நையாண்டி மேளத்துக்கு வேன் வாடகை, சாப்பாடு, ஆளுக்குச் சம்பளம். டிஜேக்கு ஒரு லேப்டாப், ரெண்டு பாக்ஸ். யார் ஜெயிப்பாங்கன்னு சொல்லணுமா? டிஜே மேல கோபம் இல்லை, பாக்கிக்கு அலையுறதுல அவரும் இவங்க ஜாதிதான்.

கோயில் கொடை சீசன் முடிஞ்சா தவில்காரருக்கும் பறைக்காரருக்கும் வேலை குறைஞ்சிடும். அந்த மாதங்களை நிரப்ப இந்த வார இறுதித் திருவிழாக்களால் முடியும். ஸ்டால் வாடகையில் ஒரு பங்கை மேடைக்குன்னு முன்கூட்டியே எடுத்து வச்சு, பாதியை அட்வான்ஸா கொடுத்தாலே போதும். போஸ்டரில் பிரியாணிக் கடைக்குப் பெயர் இருக்கு, மேளக் குழுவுக்கு 'கிராமியக் கலைஞர்கள்'னு ஒரே வார்த்தை. அதையும் மாத்தலாம்.

அப்புறம், முடவாட்டுக்கால் கிழங்கு சூப்புக்கு ஜிபே பண்ண ஒவ்வொரு ஸ்டாலிலும் கியூஆர் கோடு தொங்குது. ரீல்ஸ் எடுக்க எல்லா போனும் திரும்பி நிற்கிற மேடையில் மட்டும் அந்த அட்டையைக் காணோம்.